மூன்றாம் தரம்

தடைக்காலம். ஏலம் விட மீன் இல்லை.
அதனால் நான் நடுவர்.
கோடு போட்ட சட்டை ஐஸ் கம்பெனி முதலாளி கொடுத்தது.
குரல் என்னுடையது.

முதல் சுற்று தொண்டியில். அடுத்தது தேவிபட்டினம்.
கீழக்கரையில் கோடை மழை வந்து பாதியில் நின்றது.
இறுதிச்சுற்று பாம்பன் தெற்குவாடி மணலில்:
நான்கு இரும்புத் தூண், மூன்று வரி இழுவலைக் கயிறு,
அடியில் வைக்கோல், மேலே லாரித் தார்ப்பாய்.

ஜோடிகளுக்குக் காற்றின் பெயர்.
கச்சான்: சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் நம்புச்செல்வி,
விசைப்படகு இன்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கும் பிரிட்டோ.
வாடை: தங்கச்சிமடம் பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர் ரெக்ஸ்லின்,
பரோட்டா மாவு அடித்தே தோள் திரண்ட சீனி அசன்.

ஆணோடு ஆண், பெண்ணோடு பெண்.
இவன் ஊர்ந்துபோய் மூலையில் நிற்பவள் கையைத் தொட்டால்
எதிராளியும் வெளியேற வேண்டும், அவன் ஜோடி உள்ளே வர வேண்டும்.
தொட்டதை நடுவர் பார்த்திருக்க வேண்டும்.
நான் பார்க்காத தொடல், தொடலே இல்லை.

யார் ஜெயிப்பது என்று மதியமே மாடியில் முடிவாகிவிடும்.
பிறகென்ன, எல்லாம் பொய்தானே என்பார்கள்.
ரெக்ஸ்லின் தூக்கி எறியும்போது
நம்புச்செல்வியின் பிடரிக்கு அடியில் ஒரு கை போகும்.
அது பொய்யில்லை.
சீனி அசனின் விலாவில் கயிறு இழுத்த சிவப்புக் கோடும்.

விழுந்தவர் தோள் தரையில் படும்போது
நான் தார்ப்பாயை அறைவேன்: ஒரு தரம்!
தொண்டியில் சிரித்தார்கள்.
பாம்பனில் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள்.
இரண்டு தரம்! என்பது வரை அசையாமல் கிடப்பாள் நம்புச்செல்வி,
பாறைக்கடியில் மூச்சை அடக்கிப் பழகியவள்.
மூன்று என் வாயைவிட்டு வருமுன் தோள் எழும்.
பிள்ளைகள் கத்துவார்கள், எனக்கே ஒவ்வொரு முறையும் வயிறு கலங்கும்.

அன்றைய சீட்டு என் சட்டைப்பையில்:
பிரிட்டோ ஊர்ந்து வருவான். கை ஒரு சாண் எட்டாது.
எட்டினாலும் நடுவர் முதுகைத் திருப்பியிருக்க வேண்டும்.
வாடை ஜெயிக்கும்.
வாடை அணியின் பனியனில் கம்பெனி பெயர் இருந்தது.

பிரிட்டோ ஊர்ந்தான். இடது தோள் நிஜமாகவே இறங்கியிருந்தது,
அவன் வாயில் வந்த வசவு நடிப்பில் வராதது.
நம்புச்செல்வி கயிற்றின் மேல் குப்புறச் சாய்ந்தாள்.
துணி சுற்றிய விரல்கள்,
பாறை இடுக்கில் இன்னும் ஒரு பிடி இருக்கிறது என்று
தோளையே கழற்றி நீட்டுகிற கை.
தொட்டுவிட்டாள்.

தொட்டாச்சு! என்றது கரை.
படகுகளின் மேல் ஏறி நின்றவர்கள், ஐஸ் வண்டிக்காரன்,
பாலத்தில் லாரியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தவன்கூட.

இருபத்திரண்டு வருடமாக ஏலம் விடுகிறேன்.
கூடைக்காரி சூசையம்மா பின்வரிசையில் விரல் உயர்த்துவாள்.
நான் கம்பெனி ஆளைப் பார்த்தபடி மூன்று தரம் சொல்லிவிடுவேன்.
நான் பார்க்காத விரல், விரலே இல்லை.

இப்போது முதுகைத் திருப்பத்தான் போனேன்.
அரைவட்டம் திரும்பியபோது எதிரே
முதல் வரிசையில் சூசையம்மா, மடியில் கடலைப் பொட்டலம்.
அவள் கத்தவில்லை. மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

பார்த்தேன், என்றேன்.
மைக் இருந்ததால் பாம்பன் முழுக்கக் கேட்டது.

சீனி அசன் விழித்தான். விதி விதிதான், வெளியேறினான்.
ரெக்ஸ்லின் உள்ளே வந்து என் காதருகே கேட்டாள்:
அண்ணே, இனி என்ன?
சீட்டில் இல்லம்மா.
நம்புச்செல்வியிடம் போய் அதையே சொன்னேன்.

இருவரும் நடுவில் நின்றார்கள்.
இரண்டு மாதமாக ஒருவரை ஒருவர் நூறு முறை எறிந்தவர்கள்,
புதிதாகப் பார்ப்பவர்கள்போல.
ரெக்ஸ்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
சரி வா, என்றாள்.

என் சம்பளத்தில் ஐந்நூறு பிடித்தார்கள்.
சட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

அதெல்லாம் பிறகு.
அப்போது நான் மணலொட்டிய முழங்காலில் குனிந்து
யார் தோள் என்றே தெரியாமல்
கையை ஓங்கியிருந்தேன்.